ஒரு நாளும் அதற்கு முந்திய ஆண்டுகளும்
– 'பிளாக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டு பற்றிய ஒரு நோக்கு –

கலைப் படைப்புகளின் தோற்றம் பற்றிக் கூறப்படுபவை பெரும்பாலும் இருவகையின. மேதை ஒருவனின் உள்ளத்தில் மின்னலெனத் தோன்றியது என்பது ஒருவகை. சமூகச் சூழல் தன்னைத் தானே கலையிற் பிரதிபலித்துக்கொண்டது என்பது மற்றொரு வகை. முன்னையது உழைப்பை மறைக்கின்றது. பின்னையது உழைத்தவனை மறைக்கின்றது. இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு படைப்பு உண்மையில் எவ்வாறு ஆக்கப்பட்டது என வினவுவதே வரலாற்று மாணவனின் கடமையாகும்.

மேலைத்தேய வெகுசன இசை இத்தகைய ஆய்வுக்குரிய பொருளன்று எனக் கருதுவோர் உளர். ஆயின், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் ஆக்கி, உழைக்கும் மக்களின் பிள்ளைகள் விரும்பிக் கேட்ட ஒரு கலை வடிவத்தை, அதன் ஓசை மிகுதி காரணமாக ஒதுக்கிவிடுதல் ஆய்வு நெறியாகாது. 'ஹார்ட் றொக்' எனப்படும் வல்லோசை இசையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கொள்ளப்படுவது 'பிளாக் சபத்' குழுவினரின் முதல் இசைத்தட்டு. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட இத்தட்டு, 1969 ஒக்டோபர் 16ஆம் திகதி இலண்டன் றீஜன்ற் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஏறக்குறையப் பன்னிரண்டு மணித்தியாலங்களில் பதிவுசெய்யப்பட்டது. 'ஒரே நாளில் உருவான தட்டு' என்னும் இக்கூற்று வியப்புடன் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றது. அந்த ஒரு நாளின் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் மனிதரும்

குழுவினர் நால்வர்: கிற்றார் வாசித்த ரொனி அயோமி, பேஸ் கிற்றார் வாசித்துப் பாடல்களிற் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர், தாளவாத்தியம் இசைத்த பில் வார்ட், பாடகர் ஒஸி ஒஸ்போர்ன். நால்வரும் 1948, 1949 ஆகிய ஆண்டுகளிற் பிறந்தவர்கள். இங்கிலாந்தின் மத்திய பகுதியிலுள்ள பேர்மிங்ஹாம் நகரின் அஸ்ரன் பகுதியே நால்வருக்கும் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் மத்தியூ போல்ற்றனும் ஜேம்ஸ் வாட்டும் நீராவி எந்திரங்களை ஆக்கிய நகரம் அது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்கானதும் அதன் தொழிற்சாலைகள் காரணமாகவேயாம். குண்டு விழுந்த இடிபாடுகளுக்கிடையே விளையாடி வளர்ந்த தலைமுறை இது.

பாடசாலைக்குப் பின் இவர்களை எதிர்நோக்கியிருந்தது தொழிற்சாலை. ஒஸ்போர்ன் மோட்டார் வாகன ஊதுகுழல்களைச் சுருதி பார்க்கும் வேலையையும், பின்னர் இறைச்சிக்காக விலங்குகளைக் கொல்லும் தொழுவத்தில் வேலையையும் செய்தார். களவுக் குற்றத்திற்கு விதிக்கப்பட்ட தண்டப் பணத்தைக் கட்ட இயலாது சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். இரவு வேலை செய்த கருவித் தொழிலாளியான அவருடைய தந்தை, கடன்பட்டு ஓர் ஒலிபெருக்கித் தொகுதியை வாங்கிக் கொடுத்தார். சொந்த ஒலிபெருக்கி உடைய பாடகன் என்பதே அக்காலத்தில் ஒருவனைக் குழுவிற் சேர்த்துக்கொள்வதற்குப் போதிய தகுதியாயிருந்தது. இசைத்தட்டின் ஆக்கச் செலவுக் கணக்கில் இந்தக் கடன் எங்கும் பதியப்படவில்லை.

வெட்டுண்ட விரல்கள்

அயோமி தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். முழுநேர இசைக் கலைஞனாகும் எண்ணத்துடன் வேலையிலிருந்து விலகிய நாளில் அவருக்கு வயது பதினேழு. மதிய உணவுக்கு வீடு வந்தவர் திரும்பிச் செல்ல விரும்பவில்லை. எடுத்த வேலையை முடித்துவிட்டு வா எனத் தாயார் அனுப்பிவைத்தார். அன்று வேலைக்கு வராத ஒருவருடைய எந்திரத்தில் அவரை நிறுத்தினார்கள். அந்த எந்திரம் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டினதும் நுனிகளைப் பறித்துக்கொண்டது. அவர் இடக்கைப் பழக்கமுடையவராதலின், தந்திகளை மெட்டுகளின்மேல் அழுத்தும் கை அதுவேயாயிற்று.

இனி வாசிக்க இயலாது என மனமொடிந்திருந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். ஜாங்கோ றைன்ஹாட் என்னும் றோமா இனக் கலைஞரின் கிற்றார் இசை அது. 1928இல் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னர் அவ்வாறு வாசித்தவர் அவர். அயோமி பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்தார். தந்தி வழுக்காதிருக்க அதன்மேல் தோலை ஒட்டினார். கனத்த தந்திகள் விரலை வருத்தியமையால், மெல்லிய பான்ஜோத் தந்திகளைக் கிற்றாரிற் பூட்டினார். விரல்களைப் பலவாறு விரித்து அமைக்கும் சுரக்கோவைகள் சில அவருக்கு எட்டாதனவாயின. ஆகவே, இரண்டு சுரங்களை ஒருங்கே அழுத்தி, அவற்றைக் கனத்த ஓசையுடன் ஒலிக்கச் செய்யும் முறையை வளர்த்துக்கொண்டார். 'றிஃப்' எனப்படும் குறுகிய, திரும்பத் திரும்ப வரும் சுரத்தொடர் அவருடைய இசையின் முதுகெலும்பாயிற்று.

இவ்விடத்து ஒரு திருத்தம் வேண்டப்படும். தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தியமையே முதற்தட்டின் கனத்திற்குக் காரணம் என எழுதுவோர் உளர். சுருதியை வெகுவாகத் தாழ்த்தும் முறை 1971இல் வெளியான மூன்றாவது தட்டிலேயே பெருவழக்காயிற்று. முதற்தட்டின் கனம், சுரத்தின் தாழ்விலும் பார்க்க, சுரங்களின் தெரிவினாலும் அவற்றை வாசித்த முறையினாலும் வந்ததாகும்.

சேமித்த உழைப்பு

நால்வரும் 1968இல் ஒன்றுசேர்ந்து, 'ஏர்த்' என்னும் பெயரில் புளூஸ் இசையை வாசித்து வந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அயோமி சிறிது காலம் 'ஜெத்ரோ டல்' என்னும் குழுவிற் சேர்ந்திருந்து மீண்டார். காலையிலேயே ஒன்றுகூடி நாள்தோறும் ஒழுங்காகப் பயிற்சி செய்யும் வழக்கத்தை அங்கிருந்தே கொண்டுவந்ததாக அவர் பின்னர் கூறியுள்ளார். தொழிற்சாலையிலிருந்து தப்பி வந்தோர், அதன் நேரக் கட்டுப்பாட்டைத் தாமாகவே மேற்கொண்டமை கவனிக்கத்தக்கது.

1969இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 'ஸ்ரார் கிளப்' என்னும் விடுதியிலும், சுவிற்சர்லாந்தின் விடுதிகளிலும் நாளொன்றுக்குப் பலமுறை மேடையேறினர். கேட்போர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினராயிருந்த வேளைகளில், பாடல்களை நீட்டியும் மாற்றியும் பார்க்க அவர்களுக்குப் போதிய நேரமிருந்தது. தட்டில் இடம்பெற்ற பாடல்கள் பதிவுக்கூடத்தை அடையுமுன்னரே மேடைகளில் உருப்பெற்றிருந்தன. அவ்வாண்டிலேயே, மாரியோ பாவா 1963இல் எடுத்த திகிற் படம் ஒன்றின் ஆங்கிலப் பெயர் குழுவின் பெயராயிற்று.

அந்த ஒரு நாள்

ஒரு நாளில் ஒரு தட்டைப் பதிவுசெய்தல் முன்னரும் நிகழ்ந்ததுண்டு. பீற்றில்ஸ் குழுவின் முதற்தட்டிற் பெரும்பகுதி 1963 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் முடிக்கப்பட்டது. அதே குழுவினர் 'சார்ஜன்ற் பெப்பர்' தட்டுக்கு 1966 நவெம்பர் முதல் 1967 ஏப்ரல் வரை எடுத்துக்கொண்டனர். ஆகவே, 1969 அளவில் பதிவுக்கூடத்தில் எத்தனை நாள் இருக்கலாம் என்பது ஒரு குழுவின் சந்தை மதிப்பைக் காட்டும் அளவுகோலாகிவிட்டது. ஒரு நாள் என்பது இந்நால்வரும் தேர்ந்த கலைமுறையன்று. அவர்களுக்கு அளக்கப்பட்ட கூலி நேரம். தட்டின் செலவு 600 பவுண் அளவினது எனக் கூறப்படுவதுண்டு.

இந்நிலையில், தயாரிப்பாளர் றொட்ஜர் பெயினும் ஒலிப்பதிவாளர் ரொம் அலொமும் எளிய வழியொன்றைக் கைக்கொண்டனர். மேடையில் வாசிப்பது போன்றே மூவரும் ஒருங்கே வாசிக்க, ஒஸ்போர்ன் தனித் தடுப்பறை ஒன்றில் நின்று அதே வேளையிற் பாடினார். பெரும்பாலான பாடல்களுக்கு இரண்டாம் முயற்சியே இருக்கவில்லை. முதலிற் பதிவான 'விக்கெட் வேர்ள்ட்' பாடலின் பின் அயோமியின் கிற்றாரில் ஒலிவாங்கும் பகுதி பழுதுபட்டது. அதைத் திருத்த நேரமில்லை. மாற்றாக வைத்திருந்த 'கிப்சன் எஸ்.ஜி.' கிற்றாரை எடுத்து எஞ்சியவற்றை வாசித்தார். அதன் பின் அவர் பெயருடன் பிரிக்கவொண்ணாது இணைந்துவிட்ட கருவி அதுவே. சில கிற்றார்ப் பகுதிகளை இரட்டித்துப் பதிந்ததுடன் வேலை முடிந்தது. தொடக்கத்தில் ஒலிக்கும் மழையும் இடியும் மணியோசையும் பின்னர் சேர்க்கப்பட்டவை. குழுவினரோ ஐரோப்பாவில் ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளுக்குப் புறப்பட்டுவிட்டனர்.

அச்சந்தரும் சுரம்

தட்டின் முதற்பாடல் மூன்றே சுரங்களில் அமைந்த றிஃப் ஒன்றினாற் புகழ்பெற்றது. ஆதார சுரம், அதன் மேற்தாயிச் சுரம், பின்னர் மெல்ல இறங்கி ஆதாரத்திலிருந்து ஆறு அரைச்சுரத் தொலைவிலுள்ள சுரம். நம் இசை மரபிற் கூறுவதாயின் சட்சம், மேற்சட்சம், பிரதி மத்திமம். கஸ்ரவ் ஹோல்ஸ்ற் என்னும் ஆங்கிலேய இசையமைப்பாளரின் 'கோள்கள்' என்னும் படைப்பில் செவ்வாய்க்குரிய பகுதியைப் பட்லர் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததே இதற்குத் தூண்டுதலாயிற்று. இச்சுர இடைவெளியை ஐரோப்பியர் ஒரு காலத்தில் சாத்தானுடன் தொடர்புபடுத்திப் பேசினர் என்பது உண்மை. திருச்சபை இதைத் தடைசெய்தது என்னும் பரவலான கதைக்கோ சான்றில்லை. கல்யாணி இராகத்தில் இதே பிரதி மத்திமம் நம் செவிக்கு இனிமையையும் கம்பீரத்தையுமே தருகின்றது. எனவே அச்சம் சுரத்தில் இல்லை. மெதுவான நடையிலும், சுரங்களுக்கிடையே விடப்பட்ட மௌனத்திலும், தனித்தொலிக்கும் தாளத்திலும் உண்டு.

வெளியீடும் வரவேற்பும்

1970 பெப்ரவரி 13ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிலிப்ஸ் நிறுவனத்தின் புதிய கிளையான 'வேர்ட்டிகோ' தட்டை வெளியிட்டது. தேம்ஸ் நதிக்கரையிலுள்ள மேப்பிள்டேர்ஹாம் நீராலையின் முன் கரிய ஆடையணிந்த பெண்ணொருத்தி நிற்கும் அட்டைப்படமும், உள்ளே அச்சிடப்பட்ட தலைகீழ்ச் சிலுவையும் குழுவினரைக் கேளாமலே அமைக்கப்பட்டவை. சாத்தானைப் புகழ்வோர் என்னும் பழி இதனால் வலுத்தது. பாடலோ சாத்தானைக் கண்டு நடுங்குபவனின் குரலாக அமைந்திருந்தது. பின்னர் அவர்கள் கழுத்தில் அணிந்த உலோகச் சிலுவைகளை, ஒஸ்போர்னின் தந்தையாகிய அந்தக் கருவித் தொழிலாளியே செய்து கொடுத்தார்.

பெயர்பெற்ற விமர்சகர் பலர் இத்தட்டை இகழ்ந்தனர். ஆயினும் அது பிரித்தானிய விற்பனை வரிசையில் 8ஆம் இடத்தையும் ஐக்கிய அமெரிக்காவில் 23ஆம் இடத்தையும் எட்டியது. விமர்சகர்கள் குறையெனக் கண்டவை எளிமையும் மீளமீள வரும் தன்மையுமாம். எந்திரத்தின் முன் ஒரே அசைவை நாள்முழுதும் திரும்பத் திரும்பச் செய்தோருக்கு அத்தன்மை அந்நியமாயிருந்திருக்க முடியாது.

இதனைக்கொண்டு தொழிற்சாலை ஓசையே இசையாயிற்று என முடிவுகட்டுதல் பொருந்தாது. அந்நகரிற் பலர் கைகளில் இத்தகைய காயங்களைத் தாங்கியிருப்பர். ஒருவரே அதற்கு உறை செய்து புதியதோர் இசைமுறையைக் கண்டார். அதற்காகத் தனிமனித ஆற்றல் ஒன்றே காரணம் எனலும் தவறு. அந்தக் காயமும், இசைத்தட்டுடன் வந்த மேற்பார்வையாளரும், தந்தையின் கடனும், வெறுமையான விடுதிகளில் வாசித்த இரவுகளும் இல்லையெனில் அந்த நாளிற் பதிவுசெய்ய எதுவும் இருந்திராது. சூழல் கலையை ஆக்குவதில்லை. அது எல்லைகளை இடுகின்றது. அவ்வெல்லைக்குள் மனிதர் உழைத்துக் காணும் வழியே வடிவமாகின்றது.

2025 யூலை 5ஆம் திகதி, அஸ்ரனிலுள்ள வில்லா பார்க் விளையாட்டரங்கில் நால்வரும் இறுதியாக ஒரே மேடையில் தோன்றினர். நிற்க இயலாத நிலையில் ஒஸ்போர்ன் இருக்கையில் அமர்ந்தவாறே பாடினார். அதே மாதம் 22ஆம் திகதி காலமானார். 'ஒரே நாளில் உருவான தட்டு' என இனியும் எழுதப்படும். அவ்வாறு எழுதுவோர், அந்த ஒரு நாளுக்கு முந்திய ஆண்டுகளின் உழைப்பையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வாராக.