முதலில் நிறைந்தது எது?

முதுகெலும்பைத் திறந்து, தண்டுவடத்தின் உறையைக் கீறி விலக்கியதும் அறுவை மருத்துவரின் கண்ணில் படுவது அதுதான்: தண்டுவடத்தின் பின்புறம் புழுக்கூட்டம்போல் நெளிந்து கிடக்கும், தடித்துச் சிவந்த ரத்தக்குழாய்கள். நோயாளிக்குக் கால் மரத்து, நடை தளர்ந்து, சிறுநீர் கழிப்பதே சிக்கலாகிப் போனதற்கு வேறென்ன காரணம் தேடுவது? நெளிந்து கிடந்ததை நீளமாக உரித்தெடுத்தார்கள். பல பத்தாண்டுகள் இதுவே சிகிச்சை. சிலர் தேறினார்கள். சிலருக்கு இருந்த நடையும் போயிற்று. ஏன் இவர் தேறினார், ஏன் அவர் தேறவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தண்டுவட ஆஞ்சியோகிராம் பிறந்த கதையை இந்த இடத்திலிருந்துதான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மருத்துவர்களுக்குக் குழாய்களின் உருவம் தெரிந்திருந்தது. ரத்தம் எதில் முதலில் நுழைகிறது, எதில் பிறகு நுழைகிறது என்ற வரிசை தெரியவில்லை.

உருவத்தை வரைந்து கொடுத்தவர்களில் முக்கியமானவர், போலந்தின் கிராகோவ் நகரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஆடம்கீவிச். 1880-களின் தொடக்கத்தில், இறந்தவர்களின் உடலில் நிறமேற்றித் தண்டுவடத் தமனிகளைத் தேடினார். அவற்றுள் பெரியது இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் இடப்பக்கத்தில், மார்பின் கீழ்ப்பகுதியில் நுழையும். மேலேறி, மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுபோல் சட்டெனத் திரும்பிக் கீழிறங்கும். ‘பெரியது’ என்றாலும் அதன் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் இறந்த உடலில் ரத்தம் ஓடாது. வரிசை அங்கே கிடைக்காது.

1921-இல் பாரிஸில் சிக்கார், ஃபோரெஸ்டியே என்ற இருவர், அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெயைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடைவெளியில் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார்கள். குழாய்கள் புடைத்த இடங்களில் எண்ணெய் விலகி, பாம்பு ஊர்ந்த தடம் போன்ற நிழல் விழுந்தது. 1926-இல் அதே நகரில் ஃபுவா, அலழுவானின் இருவரும், கால்கள் மெல்ல மெல்லச் செயலிழந்து இறந்துபோன இரண்டு நோயாளிகளின் தண்டுவடத்தில் சுவர் தடித்த குழாய்களைக் கண்டு எழுதிவைத்தார்கள். நிழலும் கிடைத்தது, சடலச் சான்றும் கிடைத்தது. மூலம் மட்டும் பிடிபடவில்லை.

1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், உயிரோடிருக்கும் மனிதரின் மூளைத் தமனிகளைச் சாயம் செலுத்திப் படமெடுத்துவிட்டார். முதுகோ இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. மூளைக்குப் போகும் பெருந்தமனிகள் கழுத்திலேயே கைக்கு எட்டும். தண்டுவடத்துக்கு அப்படி ஒரு தலைவாசல் கிடையாது. மகாதமனியிலிருந்து முள்ளெலும்பு தோறும் இடமும் வலமுமாகச் சிறு தமனிகள் பிரிகின்றன. இருபதுக்கும் மேற்பட்ட அவற்றில் சிலவே தண்டுவடத்துக்கு ரத்தம் தருபவை. எவை என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

வழியைத் திறந்தது 1953-இல் ஸ்வீடனின் ஸ்வென் இவார் செல்டிங்கர் வெளியிட்ட கட்டுரை. தமனியில் ஊசியைக் குத்து, ஊசி வழியாக மெல்லிய கம்பியை நுழை, ஊசியை உருவிவிடு, கம்பியின் மேல் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைத் தள்ளு. கேட்க எளியதாக இருக்கும் இந்த உத்தி இல்லையென்றால் இன்றைய ஆஞ்சியோகிராம் அறைகள் இல்லை. இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பவர்களும் நாள்தோறும் இதைத்தான் செய்கிறார்கள்.

1960-களில் இரண்டு குழுக்கள் முதுகை நோக்கி வந்தன. பாரிஸின் லாரிபுவாசியேர் மருத்துவமனையில் ரெனே ஜின்ஜியானும் கூட்டாளிகளும் முதலில் மகாதமனியிலேயே சாயத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு சிறு தமனியாகத் தேடிப் போனார்கள். அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனத்தில், இத்தாலியில் பிறந்த ஜொவான்னி டி கீரோ, ஜான் டாப்மன், பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்த நரம்பறுவை மருத்துவர் அயூப் ஒமாயா ஆகிய மூவரும் 1967-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்த வேலையின் பொறுமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தொடைத் தமனி வழியாகக் கதீட்டரை ஏற்றி, ஒரு முள்ளெலும்புக்கு நேரே நிறுத்தி, தமனியின் வாயைத் தடவிக் கண்டுபிடித்து, கொஞ்சம் சாயம் விட்டு, அடுத்தடுத்துப் படம் எடுக்க வேண்டும். பிறகு அடுத்த வாய். சாயம் அளவு மீறினால் தண்டுவடமே கெட்டு, நடந்து வந்தவர் நடக்க முடியாமல் போகலாம். படத்திலோ மயிரிழைக் குழாயை மறைத்துக்கொண்டு விலா எலும்புகள் நிற்கும். அதற்கு டச்சுக்காரரான சீட்செஸ் தெஸ் பிளான்டெஸ் 1930-களில் வகுத்த கழித்தல் முறை கைகொடுத்தது: சாயம் விடுமுன் எடுத்த படத்தைத் தலைகீழ் நிறத்தில் அச்சிட்டு, சாயம் விட்டபின் எடுத்ததன் மேல் பொருத்தினால் எலும்பு அழிந்து குழாய் மட்டும் மிஞ்சும். இன்று அதே கழித்தலைக் கணினி நொடியில் செய்கிறது.

அந்தத் தொடர் படங்களில்தான் வரிசை முதன்முதலாகத் தெரிந்தது. முதல் படத்தில் சிறு தமனி. அடுத்ததில் ஒரு முடிச்சு. அதற்கடுத்ததில், நிறையும் நேரமே இன்னும் வராத சிரை நிறைந்து நிற்கிறது. 1968-இல் அதே அமெரிக்கக் குழு, கதீட்டர் வழியாகவே அத்தகைய கோளாறு ஒன்றை அடைத்த செய்தியை ‘லான்செட்’ இதழில் எழுதியது.

அந்த வரிசையைச் சரியாகப் படித்துப் பொருள் சொன்னது 1977-இல் லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையின் கெண்டல், லோக் இருவரும். தமனியும் சிரையும் தவறாக இணைந்த இடம் தண்டுவடத்தின் மேல் இல்லை. நரம்பு வெளியேறும் இடத்தில், உறையிலேயே இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரிந்த புழுக்கூட்டம் வெறும் சிரை. ஏரி மடை உடைந்து தண்ணீர் வடிகாலுக்குள் பாய்ந்தால் என்ன ஆகும்? வயல் நீர் வடிய வழியின்றித் தேங்கி, பயிர் வேரழுகும். தண்டுவடத்துக்கு நேர்ந்ததும் அதுவே. அத்தனை காலமும் மடையை விட்டுவிட்டு வடிகாலை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேறியவர்கள், உரிக்கும்போது அந்த இணைப்பும் சேர்ந்து அறுபட்டவர்கள். இணைப்பிலிருந்து வரும் ஒரே ஒரு சிரையை, அது தண்டுவட உறைக்குள் நுழையும் இடத்தில் துண்டித்தால் போதும் என்றாயிற்று.

இந்தக் கோளாறு பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு வருகிறது. கொஞ்ச தூரம் நடந்தால் கால் கனக்கும். டிஸ்க் விலகல் என்றோ, சிறுநீர்ச் சிக்கலை வைத்துப் புராஸ்டேட் என்றோ மாதக்கணக்கில் வைத்தியம் நடக்கும். ஸ்டீராய்டு கொடுத்துச் சிலருக்கு நிலைமை மோசமாவதும் உண்டு. இன்று எம்.ஆர்.ஐ. முதல் சந்தேகத்தை எழுப்பிவிடுகிறது: வீங்கி வெளுத்த தண்டுவடம், அதன் பின்னால் கரும்புள்ளிகளாக ரத்தம் ஓடும் சிரைகள். சாயம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோகிராம், எந்த மட்டத்தில் தேடுவது என்று பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஆனால் இணைப்பின் சரியான இடத்தை உறுதிசெய்ய இன்னும் கதீட்டர்தான் போக வேண்டியிருக்கிறது. இடம், வலம், அடுத்த முள்ளெலும்பு. மறுபடி இடம், வலம். மார்பிலும் இடுப்பிலும் கிடைக்காவிட்டால் கீழே இடுப்புக்கூட்டின் தமனிகளுக்கு இறங்க வேண்டும். மேலே கழுத்துக்கும் மண்டை ஓட்டுக்கும் ஏற வேண்டும், அங்கே பிறந்த இணைப்பும் இவ்வளவு தூரம் வந்து தண்டுவடத்தை வீங்கவைக்கும் என்பதால். ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் சாயம் விட்டு, மூச்சை அடக்கச் சொல்லி, திரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள்: எந்தச் சிரை நேரத்துக்கு முன்பே கறுக்கிறது என்று.