பெரியாற்று நீரும் நாட்டின் மின்சாரமும்

கேரள எல்லையிலுள்ள குமுளியிலிருந்து கம்பம் நோக்கி மலைச்சாலையில் இறங்குவோர், சரிவில் நான்கு பெருங்குழாய்கள் இறங்கி வருவதைக் காண்பர். அவற்றின் அடியில், லோயர் கேம்ப் என வழங்கும் ஊரில், தமிழ்நாட்டின் பெரியாறு மின்நிலையம் இருக்கிறது. டில்லியிலோ மும்பையிலோ வாழும் நேயர்களுக்கு அதனால் ஆவதென்ன என வினவலாம். 2013-ஆம் ஆண்டின் இறுதி நாளில் தென்னாட்டு மின்கம்பி வலை வடநாட்டு வலையோடு இணைக்கப்பெற்றது. அன்று முதல் அந்நிலையத்தின் சுழலிகளும் நேயர்கள் வீட்டுக்கு மின்சாரம் தரும் சுழலிகளும் ஒரே கதியில் சுழல்கின்றன.

1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியா மந்திரிக்கும் ஏற்பட்ட குத்தகை 999 ஆண்டுகளுக்கானது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் நிறைவுற்றது. மேற்கே ஓடிய நீர் சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வைகையில் கலந்து மதுரைச் சீமையின் வயல்களை அடைந்தது. அப்பத்திரத்தில் மின்சாரம் பற்றிய பேச்சே இல்லை. பைக்காராவில் 1932-இல் மின் உற்பத்தி தொடங்கிய பின்னரே, மலையிலிருந்து வீணே விழும் இந்நீரின் வலிமை பெரிதாகத் தோன்றிற்று. வழக்கு நடுவரிடம் சென்றது. பாசனத்தையன்றி வேறெதற்கும் சென்னைக்கு உரிமையில்லை என்று 1941-இல் தீர்ப்பாயிற்று. பின்னர் இணக்கம் பிறந்து, 1958 முதல் 1965-க்குள் நான்கு இயந்திரங்கள் அமைந்தன; மொத்தத் திறன் 1,40,000 கிலோவாட். 1970 மே மாதத்து உடன்படிக்கை வாடகையை 30 ரூபாயாக உயர்த்தி, மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமும் விதித்தது.

எனினும் மூத்த உரிமை பயிருக்கே. நாற்றங்காலுக்கு நீர் வேண்டியபோது குழாய் திறக்கும். மாலையில் நகரங்கள் விளக்கேற்றுகின்றன என்பதற்காகத் திறவாது. அதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் இடுக்கி அணை இருக்கிறது. 1976-இல் இயங்கத் தொடங்கி, பின்னர் 7,80,000 கிலோவாட் திறன் பெற்ற அதன் நிலையமோ, தேக்கிய நீரை மாலை வேளைக்கென வைத்திருந்து செலவிட வல்லது. ஒரே ஆறு, இரு வேறு கடமைகள்!

இவ்வேறுபாடு இன்று பெரும் பொருள் உடையதாகிறது. அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் நாம் ‘அடிச்சுமை’ என்று எழுதிவிட்டுப் போகும் சொல், இரவு பகல் என்றும் குறையாத மின்தேவையைக் குறிக்கும். அதைத் தாங்குபவை நெய்வேலி போன்ற அனல் நிலையங்களும், கல்பாக்கம், கூடங்குளம் அணு நிலையங்களும். கொதிகலனைத் தணித்து மீண்டும் மூட்டப் பல மணி நேரமாகும். அணு உலையை ஏற்றி இறக்குதல் இயலாததன்று. ஆனால் அதன் செலவில் பெரும்பங்கு கட்டும்போதே போய்விடுவதால், குறைத்து ஓட்டினால் மிச்சம் அதிகமில்லை. காற்றும் வெயிலுமோ யாருடைய ஆணைக்கும் காத்திரா.

சிக்கல் மிகுவது ஆனி, ஆடி மாதங்களில். தென்மேற்குப் பருவமழை அணையை நிரப்பும் அதே நாள்களில், கம்பம் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் விரைந்து சுழலும். அணு நிலையம் அசையாது, பயிர்நீரை நிறுத்தலாகாது. ஆகவே நிலக்கரி நிலையங்கள் தணிய வேண்டும். அவையும் ஓரளவுக்குமேல் தணியா. 2010-களில் காற்றாலைகளையே நிறுத்தச் சொன்ன நாள்கள் உண்டு. எரிபொருள் வேண்டாத இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரியை எரிப்பது காண்போர்க்கு விந்தையே, உரிமையாளருக்கோ நட்டம்.

இதற்கொரு வழி ஆனைமலைப் பகுதியில் முன்பே காணப்பட்டது. 1987-இல் இயங்கத் தொடங்கிய காடம்பாறை நிலையம், 4,00,000 கிலோவாட் திறனுடையது. மிகுந்த மின்சாரத்தைக் கொண்டு கீழ் அணையின் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரமாக்குவது அதன் பணி. அந்நாளில் மின்சாரம் மிகுந்தது ஊர் உறங்கும் நள்ளிரவில். இன்றோ கமுதி முதலான இடங்களின் சூரிய நிலையங்களால் அது நண்பகலில் மிகுகிறது. நீரேற்றும் வேளையும் இரவிலிருந்து பகலுக்கு நகர வேண்டியிருக்கிறது. லோயர் கேம்பில் மட்டும் குழாயின் திறப்பை இன்னும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லே கணக்கிடுகிறது.