உடையப் பிறந்த துண்டு

கியர் சைக்கிளின் பின்சக்கர அச்சுக்குக் கீழே, வலப்பக்கம், உள்ளங்கையில் பாதிகூட அடைக்காத ஓர் அலுமினியத் துண்டு தொங்கிக்கொண்டிருக்கும். ஹேங்கர் என்பார்கள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டீரெய்லரைத் தாங்கி நிற்பது இதுதான். பால்கேன் கட்டிய சைக்கிளுக்கு இது தேவையே இல்லை. கியர் சைக்கிளிலும், விழுந்து எழும் நாள்வரை பெரும்பாலானவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலும், சக்கரத்தில் குச்சி சிக்கி டீரெய்லரை இழுத்தாலும், முதலில் வளைவதும் முறிவதும் இந்தத் துண்டுதான். அப்படி ஆகவேண்டும் என்றே செய்திருக்கிறார்கள்.

எஃகு பிரேம்களின் காலத்தில் இதற்குப் பெரும்பாலும் தனிப் பிறவி கிடையாது. பிரேமின் முனையோடு ஒன்றாகவே இருக்கும். வளைந்தால் நெம்பி நிமிர்த்திவிடுவார்கள். எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் இரண்டாம் முறையே விரிசல் காட்டும், கார்பன் வளையாமல் நேரே பிளந்துவிடும். ஆகவே விலையுயர்ந்த பிரேமைக் காக்க மலிவான துண்டு ஒன்றைப் பலிகொடுக்கும் ஏற்பாடு வந்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் பிரேமுக்கென்று தனி வடிவத்தில் வெட்டிக்கொண்டதால், இன்று நூற்றுக்கணக்கான ஹேங்கர்கள் உலாவுகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. பழைய மாடல் வைத்திருப்பவருக்குக் கடையில் கிடைப்பது உதட்டைப் பிதுக்கும் பதில் மட்டுமே.

கோவை கணபதியில் இருக்கும் நண்பர் ஒருவரின் சைக்கிளுக்கு அந்த நிலை வந்தது. முறிந்த ஹேங்கருக்கு அவர் வீட்டிலேயே ஒரு வாரிசைச் செய்தார். நான் சொல்லவந்தது அந்த வாரிசின் கதை.

அதன் உடம்பு 6061 என்று எண்ணிட்ட அலுமினியக் கலவை. மக்னீசியமும் சிலிக்கானும் கொஞ்சம் சேர்ந்தது. ஒரு டன் அலுமினியத்துக்கு நாலைந்து டன் பாக்ஸைட் மண்ணும், பதினைந்தாயிரம் யூனிட்டை ஒட்டிய மின்சாரமும் போகிறது. சேர்வராயன் மலையின் பாக்ஸைட் மேட்டூருக்கு இறங்கி, மால்கோ ஆலையில் உலோகமான காலம் ஒன்று நமக்கும் இருந்தது. 2008இல் அந்த உருக்காலை நின்றது. இப்போது நாட்டிலேயே அதிக அலுமினியம் வார்ப்பது ஒடிசா. நண்பருக்குக் கிடைத்ததோ ஒரு பட்டறையில் வேலை முடிந்து மிஞ்சிய 10 மி.மீ. தகட்டின் கட் பீஸ். எடைக்குத்தான் விலை. எண் எழுதிய பக்கம் கிடைத்தது அதிர்ஷ்டம். எண் இல்லாத அலுமினியம் பாத்திரத்துக்கு ஆகும், சைக்கிளுக்கு ஆகாது.

அடுத்தது வரைபடம். முறிந்த இரண்டு துண்டுகளையும் ஒட்டவைத்து, பக்கத்தில் ஒரு எஃகு ஸ்கேலும் வைத்து, ஆவணங்களை நகலெடுக்கும் சாதாரண ஸ்கேனரில் படமெடுத்தார். கம்ப்யூட்டரில் அந்த ஓரத்தின்மேல் கோடு இழுத்து, முக்கியமான அளவுகளை வெர்னியரில் சரிபார்த்தார். வெளிவடிவம் கொஞ்சம் முன்பின் இருந்தால் குடி முழுகிவிடாது. அச்சின் மையத்துக்கும் டீரெய்லர் போல்ட்டின் மையத்துக்கும் உள்ள தூரம் அப்படியல்ல. ரோடு பைக்குகளில் அது 28 முதல் 30 மி.மீ.க்குள் அமையவேண்டும். அதைவிட முக்கியம் சாய்வு. 11 கியர் அடுக்கில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மி.மீ.கூட இல்லை. ஹேங்கர் ஒரு டிகிரி சாய்ந்தால், 100 மி.மீ. கீழே தொங்கும் இடத்தில் விலகல் 1.7 மி.மீ. ஆகிவிடும். பிறகு எந்தத் திருகைத் திருகினாலும் செயின் கரகரக்கும்.

வெட்டிய இயந்திரம் மொட்டைமாடி அறையில் மேசைமேல் நின்று, கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சின்ன சிஎன்சி ரௌட்டர். இதன் வம்சம் பெரியது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாகச் செதுக்க வழிதேடிய ஜான் பார்சன்ஸின் யோசனையில் தொடங்கி, 1952இல் எம்.ஐ.டி.யில் துளையிட்ட காகித நாடாவைப் படித்து இயங்கிக் காட்டிய மில்லிங் மெஷின் அதன் முப்பாட்டன். அறையை அடைத்து நின்ற அந்த மூளையின் வேலையை இன்று ஓர் ஆர்டுயினோ பலகை பார்க்கிறது. அதில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருளை 2009இல் நார்வேக்காரர் ஒருவர் எழுதிப் பொதுவில் வைத்தார். ஆனால் மூளை சுருங்கியதுபோல் உடம்பு சுருங்கக்கூடாது என்பதை அலுமினியத்தில் கைவைக்கும்போதுதான் உணரவேண்டும். கனமான வார்ப்பிரும்பு மெஷின் பல மில்லிமீட்டர் ஆழத்தை ஒரே இழுப்பில் எடுக்கும். இந்தக் குட்டி ரௌட்டரில் 0.2 மி.மீ.க்கு மேல் இறக்கினால் சட்டமே நடுங்கும், வெட்டிய பக்கம் வரிவரியாக எழும். போதாததற்கு, சூடேறிய அலுமினியம் டூலின் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் டூல் வெட்டாது, உழும். பழைய லேத்காரர்களின் வைத்தியமான மண்ணெண்ணெயைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தார். தகட்டிலிருந்து கழன்ற துண்டு கடைசிச் சுற்றில் பறந்துவிடாதபடி மூன்று இடங்களில் மெல்லிய பாலம் விட்டு, பிறகு அரம் போட்டுப் பிரித்தெடுத்தார்.

மரை போடுவதில்தான் பட்டறைக்குப் போகவேண்டி வந்தது. டீரெய்லர் போல்ட்டின் மரை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. ஹார்டுவேர் கடையில் 10 டேப் என்று கேட்டால் 1.5 இடைவெளிதான் எடுத்துத் தருவார்கள். அதைப் போட்டால் துண்டு குப்பைக்கு. நுண்மரை டேப்பைத் தேடிப்பிடித்தாலும், கையால் அடிக்கும்போது அது சாயும், சாய்ந்தால் மேலே சொன்ன ஒரு டிகிரி போயிற்று. பட்டறைக்காரர் துண்டை மெஷினில் பிடித்து, 9 மி.மீ. துளைபோட்டு, துளை நகராமல் அதே பிடிப்பில் டேப்பை இறக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது கேட்டார்: “ஏந்தம்பி, இத எஸ்.எஸ்.லயே போட்டுட்டா சென்மத்துக்கும் உடையாதே?”

“உடையணுமுங்கண்ணா. இது உடையலன்னா பிரேம் போயிரும்.”

“உடையறதுக்கா இத்தன சுத்தமா அளவு கேக்கறீங்க?”

நியாயமான கேள்வி. வீட்டில் சிஎன்சி வைத்திருப்பவர்களுக்கு வரும் முதல் ஆசை, கடைச்சரக்கைவிடப் பலமாகச் செய்து பார்ப்பது. 7075 கலவையில் வெட்டினால், தளரும் எல்லை 6061ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. விறைப்பான ஹேங்கரில் கியர் கச்சிதமாக விழும் என்று அதை விரும்புகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வண்டி விழும்போது வரும் விசை எங்காவது போய்த்தான் தீரும். ஹேங்கர் வாங்கிக்கொள்ளாவிட்டால் டீரெய்லரோ பிரேமோ வாங்கிக்கொள்ளும். இரண்டுமே இதைவிடப் பல மடங்கு விலை.

மாட்டியபின், ரிம்மை ஒட்டி அளக்கும் நீண்ட கையுள்ள அளவுகோலால் சோதித்து, சுற்றெங்கும் விலகல் 4 மி.மீ.க்குள் வரும்வரை மெல்ல நெம்பினார். கியர் விழுந்தது. கோத்தகிரி ஏற்றத்திலும் விழுந்தது. கொஞ்ச காலம் கழித்து, நிறுத்தி வைத்திருந்த சைக்கிள்மேல் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்ததில் ஹேங்கர் உள்ளே வளைந்தது. நிமிர்த்தினார். சிறுவாணி சாலையில் சரளைக்கல்லில் வண்டி சரிந்த அன்று கழுத்தில் முறிந்தது. டீரெய்லரில் கீறல் மட்டும், பிரேமுக்கு ஒன்றுமில்லை. துண்டுகள் பழைய உலோகக் கடைக்குப் போயின. மறுபடி உருக்கினால், மண்ணிலிருந்து எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும்.

இதற்கிடையே கம்பெனிகளுக்கும் புத்தி வந்தது. 2019இல் டீரெய்லர் செய்யும் ஸ்ராம் கம்பெனி, புதிதாக வரும் எல்லா பிரேமுக்கும் பொதுவாக ஒரு ஹேங்கரைக் கொண்டுவந்தது, பலரும் ஏற்றுக்கொண்டார்கள். 2023இல் அதே ஸ்ராம், அந்த இடத்திலேயே ஹேங்கர் இல்லாமல் நேரடியாக அச்சில் இறுகும் டீரெய்லரையும் விற்க ஆரம்பித்தது. புதிய விலையுயர்ந்த மவுண்டன் பைக்குகளில் இந்தத் துண்டின் பரம்பரை முடிந்துகொண்டிருக்கிறது. பழைய பிரேம்களுக்கு இவை எதுவும் பொருந்தாது.

நண்பர் முறிந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். கழுத்தின் உள்மூலையில் டூல் விட்டுச்சென்ற ஒரு சின்னப் படியிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. அடுத்ததை வெட்டும்போது அந்த மூலையின் வளைவைப் பெரிதாக்கி, கடைசிச் சுற்றை நிதானமாக ஓடவிட்டுப் படியை எடுத்துவிட்டார். கழுத்தின் தடிமனைக் கூட்டவில்லை.