வெக்கை நோய் தந்த கல்லூரி

கொஸ்லந்த என்றதும் உலகத் தமிழர் நினைவில் எழுவது 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண்சரிவே. அதன்பின் நான் அங்கு சென்றபோதெல்லாம் கண்ணிற்பட்டது, லயத்தின் பின்புறத்து மாட்டுக்கொட்டில். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒரு கறவைப் பசுதான் வங்கி. அது நோயுற்றால் மலையேறி வர ஒரு மாட்டு டொக்டர் வேண்டும்.

அந்த டொக்டரை உருவாக்கும் கல்வியே கொள்ளைநோயின் பிள்ளை எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெக்கை நோய் மாட்டினத்தை வாரிச் சென்றது. அந்த அச்சத்தின் நிழலிலேதான் 1761 இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஷெலா முதலாவது கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுமதி பெற்றார். சென்னைக் கல்லூரி 1903 இல் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் இக்கல்வி 1947 இல் தொடங்கிற்று. வெக்கை நோயும் சும்மா இருக்கவில்லை. இந்தியப் படையினரின் உணவுக்கென வந்த ஆடுகளோடு 1987 இல் இலங்கைக்குள் மீண்டும் புகுந்தது. (போரின் கணக்கில் மாடுகளை யார் எண்ணினார்கள்?) உலகிலிருந்து அது ஒழிந்ததாக 2011 இல்தான் அறிவிக்கப்பட்டது.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் மனிதரைத் தாக்கிப் பல்கலைக்கழகங்களை மூடியது. பேராதனை மாணவரும் சூம் திரைக்கு மாறினர். விரிவுரைகள் எப்படியோ நடந்தன. பல்கலைக்கழக வலையமைப்பின் வழியே தரவுக் கட்டணமின்றி வகுப்பில் சேர வழி செய்தமை உண்மையிலேயே நல்ல காரியம். ஆயின் கட்டணம் இல்லாவிடினும் சிக்னல் வேண்டுமே! தோட்டத்துப் பிள்ளைகள் அதைத் தேடி மலையுச்சிக்கு ஏறியதை நானே கண்டேன்.

திரையால் இயலாத பாடம் ஒன்றும் உண்டு. நீண்ட கையுறை அணிந்து, பசுவின் குதவழியே கைவிட்டு, குடற்சுவருக்கு அப்பாலுள்ள கருப்பையைத் தடவிச் சினையை அறிவது. அங்கே கண்ணுக்கு வேலையில்லை. விரல்தான் படிக்க வேண்டும். உலகெங்கும் கல்லூரிகள் காணொளிகளையும் செயற்கை உருவங்களையும் நாடின. அவை கையைப் பழக்கும். மிரண்டு உதைக்கும் மாட்டைப் பழக்கா. செய்முறையை முற்றாகக் கைவிடாது பிற்போட்டுச் சிறு குழுக்களாக நடத்தியதே சரியான வழி என்பது என் கருத்து.

கொஸ்லந்தத் தோட்டமொன்றில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "போன்ல படிச்ச டொக்டர் வந்தா நம்ம மாடு சும்மா நிக்குமாங்க ஐயா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பசு அப்போது நிறைசினை.