கல்லில் எழுதிய பெயரும் எண்ணிக்கையில் கரைந்த பெயரும்

நவம்பர் 11 வந்தால் இங்கிலாந்திலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூவைச் செருகிக்கொண்டு, காலை 11 மணிக்கு மௌனமாக நிற்கிறார்கள். 1918இல் முதல் உலகப்போர் ஓய்ந்த நாளும் நேரமும் அது. நம் நாட்டுக்கு அப்படி ஒரே ஒரு நாள் கிடையாது. பல நாட்கள் உண்டு. ஜனவரி 26 காலை அணிவகுப்புக்கு முன்னால் பிரதமர் மலர்வளையம் வைக்கிறார். ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், டிசம்பர் 16 வங்கதேசப் போரின் வெற்றி நாள், டிசம்பர் 7 கொடிநாள். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953இல் அந்தத் தேதியில்தான் ஓய்வு பெற்றார் என்பதால் 2016 முதல் அதைக் கொண்டாடுகிறார்கள். தில்லித் தமிழர்களாகிய நாம் அன்றைக்குப் போகியிலோ பொங்கலிலோ மூழ்கியிருப்போம், எங்கே கவனிக்கிறோம்!

நாள் எது என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இறந்தவனைப் பெயர் சொல்லி நினைக்கிறோமா, ‘வீரர்கள்’ என்று மொத்தமாகச் சொல்லிக் கைகழுவிவிடுகிறோமா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் கல்லிலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நடுகல்லைத்தான் சொல்கிறேன். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை அதன் முறைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரிசைப்படுத்துகிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது: தீயன் அந்தவன். கூடலூர் ஆநிரை கவர்ந்த பூசலில் பட்டவன். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய கல் அது என்பது ஆய்வாளர் கருத்து. அவன் அரசனும் அல்லன், தளபதியும் அல்லன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்வரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்கிறது. நாய்க்குக்கூடப் பெயர் போட்டிருக்கிறார்கள் சார்!

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் இந்தியா கேட்டுக்கு வாருங்கள். 1921இல் அடிக்கல் நாட்டி, 1931 பிப்ரவரியில் திறந்தது. லுட்யன்ஸ் வடிவமைத்தது, உயரம் 42 மீட்டர். ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறோம், ஊரிலிருந்து வந்தவர்களை நிறுத்திப் போட்டோ எடுக்கிறோம். அது ஒரு பெயர்ப் பட்டியல் என்பது பலருக்குத் தெரியாது. சுவரில் உள்ள பெயர்கள் சுமார் 13,300. முதல் உலகப்போரில் இறந்த இந்தியப் படையினரோ ஏறக்குறைய 74,000 பேர். மற்றவர்கள் பெயர் எங்கே?

கொஞ்சம் பிரான்ஸில் இருக்கிறது. நவ் ஷாப்பேல் என்ற ஊரில் 1927இல் திறந்த நினைவகத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள், சாதாரணச் சிப்பாய்கள் உட்பட. ஆனால் இந்தியர் மிகுதியாக மாண்டது பிரான்ஸில் அல்ல, அன்று மெசபடோமியா எனப்பட்ட இராக்கில். நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அங்கே சென்றது. 1929இல் திறந்த பஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளின் பெயர்களை எழுதினார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பெயர் சொல்லாமல், இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகக் காட்டி முடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் வந்து பார்க்கும் ஊரில் ஒரு நியாயம், பாலைவனத்தில் ஒரு நியாயம் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அந்த நினைவகத்தையும் 1997இல் சதாம் உசேன் பெயர்த்தெடுத்து நசிரியா சாலைக்கு மாற்றிவிட்டார்.

நம் ஊர்ப்பக்கம் சில கிராமங்களில் பழைய சலவைக்கல் பலகை ஒன்று சுவரில் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கிராமத்திலிருந்து 1914 - 1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதிலும் எண்ணிக்கைதான். ஒரே ஊர்க்காரர்கள், பத்துப் பதினைந்து பெயரை எழுத எவ்வளவு இடம் வேண்டியிருந்திருக்கும்?

வெள்ளைக்காரன் சம்பளத்துக்குப் போய்ச் செத்தவர்கள்தானே, அவர்களுக்கு நாம் ஏன் உருக வேண்டும் என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. சங்கத்து நண்பர் ஒருவரே என்னிடம் கேட்டார். எருமை காத்துச் செத்தவன் எந்தத் தேசத்துக்காகச் செத்தான் என்று திருப்பிக் கேட்டேன். எதற்காகப் போனான் என்பது ஒரு வழக்கு, அவன் பெயர் என்ன என்பது வேறு வழக்கு. முதலாவதில் எத்தனை சண்டை வேண்டுமானாலும் போடலாம்.

2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்க, எகிப்தியப் படையினரும் தொழிலாளருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைக்கப்படவில்லை, அல்லது அறவே நினைக்கப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் அரசும் மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் ஆகியிருக்கிறது, இதற்கு.

விடுதலைக்குப் பிந்திய வீரர்கள் கதை கொஞ்சம் தேவலை. 1972 ஜனவரி 26 அன்று இந்தியா கேட்டின் அடியில் அமர் ஜவான் ஜோதியை இந்திரா காந்தி தொடங்கி வைத்தார். தலைகீழாக நட்ட துப்பாக்கி, மேலே ஒரு தலைக்கவசம். அங்கே பெயர் இருக்கவில்லை. 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. திறந்தபோது அதன் தியாகச் சக்கரத்தில் கருங்கல் பலகைகளில் 25,942 பெயர்கள் இருந்தன, பொன்னெழுத்தில். உலகளாவிய போட்டியில் வென்று அதை வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை. அங்கே பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகளும் உண்டு. 1987 நவம்பரில் இலங்கையில் மாண்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையைத் தேடிப் பாருங்கள். பம்பாயில் பிறந்த தமிழர், நம்மைப் போலவே வெளியூர்த் தமிழர். 2022 ஜனவரியில் ஜோதியை இங்கே கொண்டுவந்து சேர்த்தபோது பலர் வருந்தினார்கள், சிலர் கொதித்தார்கள். எனக்கு வருத்தமில்லை. தீ பெயர்களுக்குப் பக்கத்தில் எரிவதே முறை.

கல்லோடு விட்டுவிடவில்லை நம் முன்னோர் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டவன் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். ‘உதிரப்பட்டி’ என்பது கல்வெட்டுகளில் அதற்குப் பெயர். கொடிநாள் ஒரு வகையில் அதன் தொடர்ச்சிதான். 1949இல் பாதுகாப்பு அமைச்சரின் குழு முடிவு செய்து, டிசம்பர் 7 அன்று சிவப்பு, கருநீலம், இளநீலம் என மூன்று நிறக் கொடிகள் கொடுத்து நிதி திரட்டத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில், “நாளைக்கு எல்லாரும் காசு கொண்டாங்கடா” என்று வாத்தியார் சொன்னதும், குண்டூசியில் குத்திய கொடி மத்தியானத்துக்குள் தொலைந்துபோனதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காசு வீரரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது என்பதை யாரும் எங்களுக்கு விளக்கியதில்லை.

இங்கேயும் பெயர்தான் குறுக்கே வருகிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜவானின் விதவைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கணவர் பெயர் படைப் பதிவேட்டில் இனிஷியலோடு ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் இனிஷியலை விரித்து வேறு மாதிரி. தகப்பனார் பெயர்தான் அந்த இனிஷியல் என்பதைக் குடும்பப்பெயர் வழக்கமுள்ள வடநாட்டு அலுவலருக்குப் புரியவைக்க நாலு கடிதம் ஆயிற்று. “அவரு பேரு எனக்குத் தெரியாதா சார்?” என்று அந்த அம்மா கேட்டார். ஐந்தாவது கடிதத்தோடு ஊர் விஏஓவின் சான்றையும் இணைத்து அனுப்பிய பிறகுதான் பென்ஷன் வந்தது.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பழைய சாவடிச் சுவரில் அந்தச் சலவைக்கல் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், “பஸ்ராவுக்குப் போனவர் வீடு எது?” என்று வயசானவர்களிடம் விசாரியுங்கள். கிடைக்கிற பெயரைத் தகப்பனார் பெயரோடு எழுதி, சங்கத்து நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். பலகையில் உள்ள எண்ணிக்கையையும் மறக்காமல் குறித்து அனுப்புங்கள், எத்தனை பெயர் இன்னும் பாக்கி என்று தெரிய வேண்டும்.