இரண்டு பட்டியல்களுக்கு நடுவே ஒரு பெயர்: அங்கிலிக்கன் பங்கு எப்படி இயங்குகிறது?

லிங்கநகரில் ஒருவர் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: "கத்தோலிக்கமோ, மெதடிஸ்தோ, இல்லை அல்லேலூயாவோ?" திருகோணமலையில் கத்தோலிக்கரையும் மெதடிஸ்தரையும் அவர்களுடைய பாடசாலைகளால் எல்லோருக்கும் தெரியும். புதிய சபைகளை ஒலிபெருக்கியால் தெரியும். "அங்கிலிக்கன்" என்று பதில் சொல்பவர் மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த விளக்கம்தான். அங்கிலிக்கன் சபை என்றால் என்ன, எங்கள் பகுதிக்கு எப்படி வந்தது, அதன் பங்கு எவ்வாறு நடக்கிறது, ஒருவர் அதற்குள் நம்பிக்கையில் எப்படி வளர்கிறார் என்பவற்றை இங்கே பார்க்கலாம். போருக்குப் பிறகு வாழும் எங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கேள்வியும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயரை ஒரு சபை தன் செபத்தில் எங்கே வைக்கும்?

பெயரும் அமைப்பும்

அங்கிலிக்கன் சபை இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் உரோமிலிருந்து பிரிந்தாலும், ஆயர், குரு, உதவிக்குரு என்ற மூன்று பழைய நிலைகளையும் அது கைவிடவில்லை. ஆயரை மையமாகக் கொண்டதால் அமெரிக்கா போன்ற நாடுகளில் அதற்கு எபிஸ்கோப்பல் சபை என்று பெயர். எங்கள் நாட்டில் அது இலங்கைத் திருச்சபை. பாப்பரசர் இல்லை, குருக்கள் திருமணம் செய்யலாம் என்பவை கத்தோலிக்கத்திலிருந்து அதை வேறுபடுத்தும் வெளிப்படையான அடையாளங்கள். ஆனால் அங்கியும் பீடமும் மெழுகுதிரியும் கண்ட ஒரு கத்தோலிக்கருக்கு உள்ளே நுழைந்தால் அந்நியமாக இருக்காது.

இலங்கைத் திருச்சபைக்கு இரண்டு மறைமாவட்டங்கள் உண்டு. கொழும்பு 1845இலும் குருநாகல் 1950இலும் உருவானவை. திருகோணமலையும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் கொழும்பு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தமிழரும் சிங்களவரும் ஒரே ஆயரின் கீழ், மூன்று மொழிகளில் ஆராதனை செய்யும் அமைப்பு இது.

வடக்கில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனத்துக்கும் பேராயர் இருக்கிறார். ஆனால் அது வேறு சபை. 1947 செப்டெம்பர் 27 அன்று சென்னையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த மற்றும் ஐக்கிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, அமெரிக்க மிஷனின் யாழ்ப்பாணச் சபைகள் அதில் ஒரு ஆதீனமாகச் சேர்ந்தன. சபாபதி குலேந்திரன் முதல் பேராயரானார். யாழ்ப்பாணத்து அங்கிலிக்கர் அதில் சேராமல் கொழும்போடு நின்றார்கள். அதனால் வட்டுக்கோட்டையின் தலைமை சென்னையிலும் சுண்டுக்குளியின் தலைமை கொழும்பிலும் இருக்கின்றன.

இரண்டு வழிகளில் வந்த சபை

இலங்கைக்கு அங்கிலிக்கன் சபை வந்த வழிகள் இரண்டு. ஒன்று அரசாங்கத்தின் வழி. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தார்கள். படைக்கும் கடற்படைக்கும் குருக்கள் தேவைப்பட்டார்கள். அந்தக் காலத்தின் மிச்சத்தை நகரின் பழைய எஸ்பிளனேட் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் பார்க்கலாம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார்.

மற்றது மிஷன் வழி. சர்ச் மிஷனரி சங்கத்தின் முதல் நான்கு பேர் 1818இல் வந்தார்கள். அவர்களில் யோசப் நைற் நல்லூருக்குப் போனார். அவர் 1823இல் தொடங்கிய பாடசாலையே இன்றைய யாழ். பரியோவான் கல்லூரி. அதற்கு முன்பே தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்தார். 1824இல் கல்கத்தாவில் ஆயர் ஹீபர் அவரைக் குருவாகத் திருநிலைப்படுத்தினார். இந்தியா, இலங்கை மண்ணில் பிறந்தவர்களில் அங்கிலிக்கன் குருவான முதல் சிலரில் ஒருவர் அவர்.

இந்த வேறுபாடு இன்றும் தெரிகிறது. மிஷன் வந்த இடத்தில் பாடசாலையும் தமிழ்ச் சபையும் வேரூன்றின. படை வந்த இடத்தில் முதலில் கல்லறைகளே நிறைந்தன. 1881இல் அரசு சபைக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்த முடிவுசெய்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அதன் பின்னர் துறைமுக நகரின் அங்கிலிக்கன் சபை இங்குள்ள மக்களையே நம்பி வாழவேண்டிய சிறிய சபையாயிற்று.

பங்கை யார் நடத்துகிறார்கள்?

பங்கு என்பது ஒரு ஆலயமும் அதைச் சார்ந்த குடும்பங்களும். குருவானவரை ஆயர் நியமிக்கிறார். ஆனால் குருவானவர் தனியாக நடத்துவதில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்கு மக்கள் கணக்கைக் கேட்கிறார்கள், நிர்வாகக் குழுவைத் தெரிகிறார்கள். வார்டன் எனப்படும் பொறுப்பாளர் இருவர் உண்டு. ஒருவர் குருவானவரின் தெரிவு, மற்றவர் மக்களின் தெரிவு. காணிக்கை எண்ணுவது முதல் கூரை ஒழுக்கைத் திருத்துவது வரை அவர்கள் பார்க்க வேண்டும். மறைமாவட்ட மன்றத்திலும் குருக்களோடு பொதுநிலையினர் அமர்கிறார்கள்.

குருக்களில் பலர் பேராதனைக்கு அருகே பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரியில் பயில்கிறார்கள். 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த, பிரெஸ்பிற்றேரியன் சபைகள் சேர்ந்து தொடங்கிய கல்லூரி அது. அங்கே தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒரே வளவில் தங்கி, தத்தம் மொழியில் படிக்கிறார்கள்.

ஞாயிறு பாடசாலை, தாய்மார் சங்கம், இளைஞர் கூட்டம், பாடகர் குழு ஆகியவையே ஒரு பங்கின் உயிர். செத்த வீட்டுக்கு முதலில் போவதும், பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவதும், யாருடைய கடை மூடிக் கிடக்கிறது என்று கவனிப்பதும் பெரும்பாலும் தாய்மார்தான்.

நம்பிக்கையில் வளர்தல்

ஒரு நாள் இரவில் மனம் திரும்பி மறுநாள் புது மனிதராவதை முதன்மையாகப் பேசும் சபைகள் உண்டு. அங்கிலிக்கன் வழி மெதுவானது. அது நம்பியிருப்பது திரும்பத் திரும்பச் செய்தலை.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதன் சார்பில் வாக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை வளர்ந்ததும் விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளை என்ற மூன்றையும் மையமாக வைத்துப் பல மாதம் வகுப்பு நடக்கும். பிறகு திடப்படுத்தல். தனக்காக மற்றவர் கொடுத்த வாக்கைப் பிள்ளை தன் வாயால் சொல்ல, ஆயர் தலையில் கைவைத்துச் செபிக்கிறார்.

இதைச் செய்ய ஆயர் வரவேண்டும். எங்கள் மக்களுக்கு இது சிறிய விடயமாக இருக்கவில்லை. ஆயர் கொழும்பில், பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில், நடுவே மூடப்பட்ட ஏ9 வீதி. ஒரு சோதனைச் சாவடி என்பது ஒரு பிள்ளையின் திடப்படுத்தலையும் தள்ளிப்போடக்கூடிய காலம் அது.

பெரியவர்களுக்கு ஆண்டே பாடநூல். கிறிஸ்மசுக்கு முந்திய நான்கு வாரங்கள் காத்திருப்பு. சாம்பல் புதனில் தொடங்கும் தவக்காலம். பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனை. ஐம்பது நாள் உயிர்ப்புக் காலம். நவம்பர் 2இல் இறந்தோர் நினைவு. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வரும். பிரசங்கியார் தனக்குப் பிடித்த பகுதியை மட்டும் பேசித் தப்ப முடியாது. பிடிக்காத பகுதியும் அதன் முறை வரும்போது வரும்.

இந்த வழியின் பலம் இடப்பெயர்வில் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது ஆலயத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. ஆனால் பல ஆண்டு வாயால் சொல்லிப் பழகிய செபத்துக்குக் கட்டடமும் புத்தகமும் வேண்டியதில்லை. மரத்தடியிலும் சொல்லலாம். பலவீனமும் இதே இடத்தில்தான். பழகிய செபம் வெறும் பழக்கமாகிவிடவும் கூடும். வாய் சொல்லும், மனம் வேறெங்கோ இருக்கும்.

இரண்டு பட்டியல்கள்

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையின் நடுவே பொது மன்றாட்டு உண்டு. அதில் பெயர்களைச் சொல்லி வேண்டலாம். முதலில் உயிரோடிருப்போர்: நோயாளர், பயணம் போனவர், வேலையற்றவர். அதன் பின்னர் இறந்தோர். இரண்டு பட்டியல்கள்.

2009 மே 18 அந்த ஆண்டின் உயிர்ப்புக் காலத்துக்குள் வந்த நாள். உயிர்த்தெழுதலைப் பாடவேண்டிய வாரங்களில் முள்ளிவாய்க்கால் நடந்தது. படையிடம் கையளிக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாத ஒரு தாய் அந்தப் பெயரை எந்தப் பட்டியலில் கொடுப்பார்? முதலாவதில் கொடுத்தால் ஊர் பரிதாபப்படும். இரண்டாவதில் கொடுத்தால் தன் வாயாலேயே பிள்ளையைக் கொன்றதுபோல் அவருக்குப் படும். அடக்க ஆராதனைக்கு உடல் வேண்டும். நவம்பர் 2இல் மெழுகுதிரி ஏற்றக் கல்லறை வேண்டும்.

அரசும் இதே கேள்வியை ஒரு படிவமாக்கி நீட்டியது. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழிசெய்தது. காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் பலர் தங்களுக்குச் சான்றிதழ் வேண்டாம், பதில் வேண்டும் என்றார்கள்.

அங்கிலிக்கன் செபப் புத்தகத்தில் மூன்றாவது இடம் ஒன்று இருக்கிறது. 1544இல் கிரான்மர் ஆங்கிலத்தில் அமைத்த பழைய மன்றாட்டுமாலையில், தரையிலும் நீரிலும் பயணம் செய்வோருக்கும் நோயாளருக்கும் சிறு குழந்தைகளுக்கும் அடுத்தபடியாகச் சிறைப்பட்டோரும் கட்டுண்டோரும் வருகிறார்கள். அந்த இடத்தில் பெயரைச் சொன்னால் அவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நலமாக இருக்கிறார் என்று நடிக்கவும் வேண்டியதில்லை. யாரோ ஒருவரின் பிடியில் போனவர், அந்த யாரோ பதில் சொல்ல வேண்டியவர் என்பதே அந்த வேண்டுதலின் பொருள். ஒரு பங்கு தன் மக்களை எவ்வளவு அறிந்திருக்கிறது என்பதை அந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லத் துணிவதிலிருந்து அறியலாம்.

இதே சபை கொழும்பிலும் செபிக்கிறது. "சமாதானம்" என்ற சொல் அங்கே ஒரு பொருளும் இங்கே இன்னொரு பொருளும் கொள்ளும். இதைத் தெரிந்து பேசியவர்களும் அதற்குள் இருந்தார்கள். குருநாகல் ஆயராயிருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 யூலை வன்முறைக்குப் பின், சிங்களவர் வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தன் மறைமாவட்டத்துக்கு வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார்.  ஒரே ஆயரின் கீழ் இருப்பது மட்டும் நீதி ஆகாது. ஆனால் ஒருவரிடம் நேரே கேட்கக்கூடிய இடத்தில் இருப்பது அது.

பதிவேட்டை மறக்காதீர்கள்

கடைசியாக, சபையைச் சேராதவருக்கும் பயன்படும் ஒரு விடயம். ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்கிறது. பிறப்பு பதியப்படாதவர் காலம் கடந்து பதியவோ அனுமான வயதுச் சான்றிதழ் பெறவோ விண்ணப்பிக்கும்போது, ஞானஸ்நானச் சான்றிதழும் துணை ஆவணமாகக் கொடுக்கக்கூடியது. இடம்பெயர்வில் வீட்டுப் பெட்டியோடு எல்லாம் எரிந்தவர்களுக்கு இது சிறிய உதவியல்ல.

பேரனுக்கோ பேத்திக்கோ தேவை வருமுன் கேட்டு வையுங்கள். போகும்போது ஞானஸ்நானப் பெயர், பெற்றோர் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்த ஆலயம் என்ற நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். பெயர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கலாம். வீட்டில் கூப்பிட்ட பெயர் அங்கே இருக்காது.

பதிவேட்டைத் திறந்தால் ஒரு குடும்பத்தின் ஞானஸ்நானங்கள் வரிசையாக இருக்கும். அடக்கப் பதிவேட்டில் அவர்களில் சிலரைக் காணமுடியாது. அவர்கள் வெளிநாட்டில் இருக்கலாம். வேறு ஊரில் அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம். எங்கே என்று எவரும் இன்னும் சொல்லாமலும் இருக்கலாம். அந்தப் பெயர்களுக்கு எதிரே உள்ள வெற்றிடம் நிரம்பும் வரை மன்றாட்டுமாலையின் அந்த ஒரு வரிக்கும் வேலை இருக்கிறது.