மேசையில் எழுதிய ஒரு சொல்

நெய்வேலி நகரியத்தில் எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், கடலூர்க்காரர் ஒருவர். சுரங்கத்துக்கு ஒரே ஷிப்ட், ஒரே டிபன் கேரியர். ஞாயிறு காலை மட்டும் இவர் சி.எஸ்.ஐ. கோயிலுக்கு, அவர் ஆற்காடு லுத்தரன் கோயிலுக்கு. ஏன் என்று சிறுவயதில் கேட்டேன். “எங்க சபை அது” என்றார்கள். பதில் 1529-ல் இருக்கிறது.

அந்த அக்டோபரில், போப்பை எதிர்த்த இரு அணிகளையும் சேர்த்துவிட ஹெஸ்ஸே சிற்றரசர் பிலிப் தம் மார்பர்க் கோட்டைக்கு அழைத்தார். லுத்தர் வந்தார், சூரிச்சிலிருந்து ஸ்விங்ளி வந்தார். லுத்தர் சுண்ணக்கட்டியால், திருவிருந்தின் அப்பத்தைத் தம் உடலென்று இயேசு சொன்ன வாக்கியத்தை லத்தீனில் மேசைமேல் எழுதித் துணியால் மூடினார். எதிரணி ஆதாரம் கேட்டபோது துணியை விலக்கினார். அதில் ‘எஸ்ட்’ என்ற சொல்தான் வழக்கு. ‘இருக்கிறது’ என்றால் இருக்கிறதுதான், கிறிஸ்துவின் உடல் அப்பத்தோடு உண்மையாகவே வருகிறது என்றார் லுத்தர். ‘குறிக்கிறது’ என்பதே பொருள் என்றார் ஸ்விங்ளி. 15 கூற்றுகளில் 14-ல் உடன்பாடு. கடைசியில் இந்த இடத்தில் முறிந்தது. ஸ்விங்ளி கண்கலங்கிக் கைநீட்டியும் லுத்தர் அவரைச் சகோதரராக ஏற்கவில்லை. இரண்டே ஆண்டில் கப்பெல் போர்க்களத்தில் ஸ்விங்ளி இறந்தார். லுத்தரின் உறுதியை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கையை அவர் பற்றியிருக்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் கால்வின் இடைவழி கண்டார்: உடல் அப்பத்தில் இறங்குவதில்லை, ஆனால் விசுவாசி தூய ஆவியால் கிறிஸ்துவையே பெறுகிறார்.

தமிழில் இந்தச் சண்டை எழவே வழியில்லை. ‘இது என் வீடு’ என்கிறோம்; இடையில் வினை எதற்கு? ஆனாலும் பழைய வேதாகமத்தில் ‘சரீரமாயிருக்கிறது’ என்று அந்த ‘எஸ்ட்’டைச் சேர்த்தே எழுதினார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், கால்வின் வழிவந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளும் கூடித் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆயின. லுத்தரன்கள் சேரவில்லை, திருவிருந்துக் கொள்கையும் ஒரு காரணம். 1950-களில் இரு தரப்பும் உட்கார்ந்து நெடுநாள் பேசின. இணைப்பு வரவில்லை.

இத்தனைக்கும், 1737-ல் இதே கடலூரில் லுத்தரன் குருமார் இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சங்கத்தின் பணத்தில்தான் மிஷன் தொடங்கினார்கள். எப்படி முடிந்தது? அடுத்த வாரம் அங்கே போவோம்.